மூன்று மணிக்கொரு புட்டி

யானைக் குட்டிக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. குடித்த சில நாளில் வயிறு கழியத் தொடங்கும். கழிச்சல் நிற்காவிட்டால், பிறக்கும்போதே நூறு கிலோ இருந்த உயிர் கண்ணெதிரே வற்றிப்போகும். அதனால்தான் தாயை இழந்த குட்டிகளுக்கு மனிதக் குழந்தைக்கான பால்மாவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். வெந்நீரில் கலக்கி, கட்டி தட்டாமல் ஆற்றி, கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு புட்டி. இரவானாலும் மழையானாலும் இந்தக் கணக்கு மாறாது. குட்டி தும்பிக்கையால் குடிக்காது, வாயால்தான் குடிக்கும். குடிக்கும்போது தும்பிக்கையைச் சாய்த்துக்கொள்ள அதற்கு ஓர் இடம் வேண்டும். தாயிடம் இருந்தால் அவளுடைய அடிவயிற்றில் சாய்த்துக்கொள்ளும். தாய் இல்லாதபோது, கென்யாவின் நைரோபியில் உள்ள அனாதைக் குட்டிகள் காப்பகத்தில் ஒரு கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் ஓரமாகப் புட்டியை நீட்டுகிறார்கள். குட்டி கம்பளியில் தும்பிக்கையை உரசிக்கொண்டே குடித்து முடிக்கும்.

பெற்றவள் அல்லாத ஒருத்தி தாயாவது எப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பளி என் கண்முன் வந்து நிற்கிறது. அதைக் கட்டியவருக்கு அந்தக் குட்டி என்ன உறவு? ரத்தம் வேறு, இனமே வேறு. ஆனால் பால் குடிக்கிற ஓர் உயிருக்குச் சாய்ந்துகொள்ள ஓரிடம் வேண்டும் என்பது, பக்கத்திலேயே கிடந்து பல இரவுகள் பார்த்தவருக்கு மட்டும்தான் புலப்படும்.

இதை ஜவளகிரியை வைத்துப் பேசக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர் இது. ஊரைத் தாண்டினால் காடு. மழை ஓய்ந்து கேழ்வரகு கதிர் பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வழியாக இறங்கும். ஜவளகிரிக் காட்டைக் கடந்து நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு என்று பரவும். மாசி வரைக்கும் இந்தப் பக்கத்துக் குடியானவன் நிம்மதியாகத் தூங்கமாட்டான். வரப்பில் பரண் கட்டி, டார்ச் லைட்டும் பட்டாசுமாகக் கண்விழித்திருப்பான். அரசு 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தையும் 2022-இல் காவேரி தெற்குச் சரணாலயத்தையும் அறிவித்தது. அறிவிப்பு வந்தாலும் யானையின் பாதை பழைய பாதைதான். அதன் குறுக்கே நிலங்கள் வந்துவிட்டன, பண்ணை வீடுகள் வந்துவிட்டன, ஓசூரின் தொழிற்பேட்டைகள் ஒவ்வொரு ஆண்டும் தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

சூரியசக்தி வேலி யானையைக் கொல்வதில்லை. விட்டுவிட்டுப் பாயும் மின்துடிப்பு சுரீரென்று அடித்துத் துரத்திவிடும், அவ்வளவுதான். கொல்வது திருட்டுக் கம்பி. காட்டுப்பன்றியைத் தடுக்க, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை நேராக இழுத்துக் கம்பியில் விடுகிறார்கள். கூட்டத்தில் முன்னால் நடப்பது பெரும்பாலும் மூத்த பெண் யானை. வழி அவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவளே முதலில் கால் வைக்கிறாள். அவள் விழுந்தால், பின்னால் வந்த குட்டி அங்கேயே நிற்கும்.

2023 மார்ச் 7-ஆம் தேதி தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படித்தான் நடந்தது. ஒரு விவசாய நிலத்துக் கம்பியில் மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. இரண்டு குட்டிகள் தப்பின. அந்தக் குட்டிகள் சடலங்களைவிட்டு நகராமல் நின்றதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2017-இல், ஜவளகிரியையும் உள்ளடக்கிய ஓசூர் வனக் கோட்டத்தில் இன்னொரு குட்டி கிடைத்தது. தாய் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டிருந்தாள். குட்டியின் உடம்பெல்லாம் காயம். வாலை நாய்கள் கடித்திருந்தன. பிழைக்கும் என்று நம்புவது கடினமாக இருந்த அந்தக் குட்டியை முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பாகன் பொம்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. ரகு என்று பெயர். பொம்மனோடு சேர்ந்து அதை வளர்த்த பெள்ளியை இன்று உலகம் அறியும். அவர்களைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அந்த விருது அறிவிக்கப்பட்ட நேரத்தில் பொம்மன் ஊரில் இல்லை. தாயைப் பறிகொடுத்த குட்டிகளின் வேலையாகத் தருமபுரிப் பக்கம் போயிருந்தார்.

பெள்ளியைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ஒரு கதையைக் கட்டினார்கள். முதல் கணவரைப் புலி கொன்றது, மகளும் போய்ச் சேர்ந்தாள், அந்த வெற்றிடத்தில் ரகு வந்து உட்கார்ந்தான் என்று. கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பிள்ளையின் இடத்தை இன்னொரு பிள்ளை நிரப்புவதில்லை. அப்படி நிரப்ப வந்ததாகச் சொன்னால் இறந்த மகளுக்கும் அநியாயம், இருக்கும் குட்டிக்கும் அநியாயம். படத்தை மறுபடி பாருங்கள். பெள்ளி செய்வதெல்லாம் வேலை. குளிப்பாட்டுகிறார், உருண்டை பிடித்து ஊட்டுகிறார், அடம்பிடித்தால் அதட்டுகிறார், குளிர்காலத்தில் பக்கத்திலேயே கிடக்கிறார். துக்கத்துக்கு மருந்தாக ஒரு குட்டியை அவர் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. குட்டிக்குப் பசித்தது, அவர் கையில் புட்டி இருந்தது. பாசம் அதற்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். பெற்ற தாய்க்கும் பல நேரம் அப்படித்தான் வருகிறது என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் தனிமையில் ஒப்புக்கொள்வார்கள்.

இந்த விஷயத்தில் நம் மொழி நமக்கு முன்பே தெளிவாக இருந்திருக்கிறது. குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகம் தேவகியின் புலம்பல். கண்ணனைப் பெற்றவள் அவள்தான். சிறையில் பெற்றாள், அன்றிரவே பிரிந்தாள். அவள் எதற்காக அழுகிறாள் என்று கவனித்தால் மனம் கனக்கிறது. தாலாட்டுப் பாடக் கொடுத்துவைக்கவில்லை. உண்ணும்போது முகமெல்லாம் பூசிக்கொள்வதைப் பார்க்கவில்லை. வெண்ணெய் திருடி அகப்பட்டு விழிப்பதைக் காணவில்லை. அவள் இழந்ததாகச் சொல்வது முழுக்க யசோதை நாள்தோறும் செய்து சலித்த வேலைகள். பத்து மாதம் சுமந்த கணக்கை அவள் முன்வைக்கவே இல்லை. தான் தாயாகும் வாய்ப்பு எங்கே கைநழுவியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெரியாழ்வார் கண்ணனைக் கொஞ்சும்போது யசோதையாகவே மாறிப் பாடினார். அவரே துளசி வனத்தில் கிடைத்த குழந்தையை ஆண்டாளாக வளர்த்தவர் என்பது மரபு. எடுத்து வளர்த்த ஒருவர், எடுத்து வளர்த்த ஒருத்தியின் குரலில் பாடியதால்தானோ என்னவோ, அந்தப் பாசுரங்களில் குழந்தையின் உடம்பு அவ்வளவு நெருக்கத்தில் தெரிகிறது.

சங்க அகப்பாடல்களிலும் இதைப் பார்க்கலாம். அங்கே ஒரு பெண்ணுக்கு இரண்டு தாயர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பெண் தான் விரும்பியவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டால் இருவருமே கலங்குகிறார்கள். ஆனால் பாலை நிலத்தில் இறங்கி, வெயிலில் நடந்து, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துத் தேடுகிறவள் செவிலி. கால் ஓய்ந்து கண் மங்கிய நிலையில் அவள் பேசுவதை வெள்ளிவீதியார் குறுந்தொகையில் பாடியிருக்கிறார். கலித்தொகையிலும் அவள் வழியில் கண்ட துறவிகளிடம் மகளைக் கேட்டு நிற்கிறாள். இந்த ஏற்பாட்டை வெறும் இலக்கண மரபு என்று தாண்டிப் போக எனக்கு மனமில்லை. பிள்ளையைத் தேடித் தெருவில் இறங்குவது யாருடைய கால்கள் என்று கேட்டு, வளர்த்தவளுடைய கால்கள் என்று அந்தப் புலவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தாய்மை ஒருத்தியின் தனிச்சொத்து என்று நினைப்பதில் ஆபத்து இருக்கிறது. கென்யாவின் டாஃப்னி ஷெல்ட்ரிக், பால்குடி மறவாத யானைக் குட்டிகளைப் பிழைக்கவைக்கப் பல ஆண்டுகள் தோற்றுத் தோற்று, கடைசியில் தேங்காய் எண்ணெய் சேர்ந்த பால்மாவில் வழி கண்டார். 1974-இல் அப்படி அவர் வளர்த்த குட்டி ஆயிஷா. ஆறு மாதம் நன்றாக வளர்ந்தது. அவரைத் தவிர வேறு ஒருவரையும் அது அண்டவிடவில்லை. மகளின் திருமணத்துக்காக ஷெல்ட்ரிக் சில நாள் வெளியூர் போனார். ஆயிஷா பால் குடிப்பதை நிறுத்தியது. அவர் திரும்பிவந்து சேர்ந்தார், ஆனால் அவர் மடியிலேயே அது இறந்தது. அதன் பிறகு அவருடைய நைரோபிக் காப்பகத்தில் ஒரு குட்டிக்கு ஒரே ஆள் என்பதை விட்டார்கள். இரவு ஒருவர் படுத்தால் மறுநாள் இரவு இன்னொருவர். தாயாக இருந்ததை ஷெல்ட்ரிக் நிறுத்தவில்லை. தாய்மையைப் பங்கு போடக் கற்றுக்கொண்டார்.

யானைகளே அதைத்தான் செய்கின்றன. கென்யாவின் ஆம்போசெலியில் யானைகளை ஆய்வு செய்த ஃபில்லிஸ் லீ 1987-இல் எழுதிய கட்டுரை இதைப் பேசுகிறது. ஒரு குடும்பத்தில் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் இளம் பெண் யானைகள், அதாவது அக்காளும் சித்தியுமாக, எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த அளவுக்குக் குட்டிகள் பிழைப்பதும் கூடுகிறது. அவர்களிடம் பால் கிடையாது, பெரும்பாலும் அவர்கள் ஈன்றவர்களும் அல்ல. குட்டி கத்தினால் ஓடிப்போய் நிற்பார்கள், சேற்றில் சறுக்கினால் தூக்கிவிடுவார்கள், தூங்கினால் வெயில் படாமல் காவல் நிற்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஜவளகிரிப் பக்கத்து விடியற்காலைதான் தோன்றியது. இருட்டு பிரிவதற்குள் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இளம்பெண்கள் ஏறுவார்கள். ஓசூருக்கும் அதைச் சுற்றிய ஆலைகளுக்கும் போகிறவர்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் கைக்குழந்தை உண்டு. பஸ் போனபின் அந்தக் குழந்தைகள் யார் கையில் இருக்கின்றன? தெலுங்கு வீட்டில் அவ்வாவிடம், கன்னட வீட்டில் அஜ்ஜியிடம், தமிழ் வீட்டில் ஆயாவிடம். அல்லது எதிர்வீட்டில், கல்யாணமாகாத அத்தையிடம். கேழ்வரகுக் களியைத் தண்ணீரில் கரைத்து, கட்டியை விரலால் நசுக்கி, வாயைத் துடைத்துத் துடைத்து ஊட்டும் ஒரு பாட்டியிடம், இந்த வயதில் சிரமமாக இல்லையா என்று கேட்டேன். “பெத்தவ அவ. ராத்திரி எழுந்து பாக்குறது நானு. ஷிஃப்ட் மாறினா அவ பாக்குறா, நான் படுக்குறேன். இதுல யாரு அம்மான்னு புள்ளைக்கு ஒண்ணும் கொழப்பமில்ல சாமி” என்றார். அந்த வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும். பாட்டியின் முந்தானை நுனியைச் சப்பிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பாட்டிகளுக்குக் கூலி கிடையாது. ஓசூரின் உற்பத்திக் கணக்கில் அவர்களுடைய உழைப்பு எங்கும் வராது. அவர்கள் இல்லையென்றால் பாதிப் பெண்கள் பஸ் ஏறமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இந்த மண்ணில் தாய்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாண்டிப்போகக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால் கொடுத்த மாவட்டங்கள் என்று பெயர் வாங்கியவற்றில் அன்றைய சேலமும் தருமபுரியும் இருந்தன. 1992-இல் முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 2001-இல் அது தருமபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான், எனவே ஜவளகிரியும் அப்போது தருமபுரியில் சேர்ந்திருந்தது. அந்தத் திட்டத்தைக் குறை சொன்னவர்கள், பெண் பிள்ளை வேண்டாம் என்ற மனத்தை மாற்றாமல் குழந்தையைப் போடத் தொட்டில் வைக்கிறார்கள் என்றார்கள். நியாயமான குறைதான். ஆனாலும் மாமியார் கண்ணுக்கும் கணவன் கண்ணுக்கும் தப்பி, பச்சை உடம்போடு நடந்துபோய்த் தொட்டிலில் குழந்தையைக் கிடத்திவிட்டுத் திரும்பியவளை நான் தாயல்லள் என்று சொல்லமாட்டேன். வளர்க்க அவளுக்கு வழியில்லை. சாகவிடக் கூடாது என்பதை அவள் செய்தாள். பெற்றதால் மட்டும் தாயாகிவிட முடியாது என்று வாதாடுகிறவர்கள் பெற்றவளை எளிதில் மிதித்துவிடுகிறார்கள். வளர்த்தவளைக் கொண்டாட, பெற்றவளைத் தூற்ற வேண்டியதில்லை.

தொட்டிலுக்கும் தத்தெடுத்த வீட்டுக்கும் நடுவில் இன்னொருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை முறைப்படி ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் உண்டு. அந்த 60 நாளும், அதற்குப் பின்னான காத்திருப்புக் காலமும், குழந்தை ஓர் இல்லத்தில் ஓர் ஆயாவின் கையில் இருக்கிறது. மூன்று மணிக்கொரு புட்டி அங்கேயும் உண்டு. தொப்புள் காய்ந்து உதிர்வதை அவள் பார்க்கிறாள். முதல் சிரிப்பும் பெரும்பாலும் அவளைப் பார்த்துத்தான். பிறகு ஒருநாள் புதுச் சட்டை போட்டு, கன்னத்தில் பொட்டு வைத்து, வந்தவர்களிடம் கொடுத்துவிடுகிறாள். அந்தக் குழந்தைக்கு அவள் முகம் நினைவில் நிற்காது. அடுத்த தொட்டிலில் அழுகை கேட்கும், அவள் போய்விடுவாள். உயர்ந்த தாய்மை எது என்று என்னை யாராவது வற்புறுத்திக் கேட்டால், திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தே கொடுக்கப்படும் இந்தத் தாய்மையைத்தான் காட்டுவேன்.

எல்லாம் கைகூடிவிடும் என்றும் இல்லை. 2023 மார்ச்சில் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஓர் ஆண் குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்க வனத்துறையினர் முயன்றார்கள், முடியவில்லை. அதையும் தெப்பக்காட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். பொம்மன்தான் பார்த்துக்கொண்டார். உலகமே பாராட்டிய அதே கை. மாதம் முடிவதற்குள் வயிற்றுப்போக்கு கண்டு குட்டி இறந்தது. ஆஸ்கர் செய்தி படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்தார்கள் என்று தெரியவில்லை. ரகுவும் வளர்ந்தபின் பொம்மன், பெள்ளியிடமிருந்து வேறு பாகன் பொறுப்புக்கு மாற்றப்பட்டான். முகாமின் நடைமுறை அது. வளர்த்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள்.

பெற்ற தாயின் உரிமையை எழுத நம்மிடம் சட்டம் இருக்கிறது, சடங்கு இருக்கிறது, சினிமாப் பாட்டு இருக்கிறது. வளர்க்கிறவளுக்கு என்ன இருக்கிறது? இந்து தத்தெடுப்புச் சட்டம் 1956-இல் வந்தபோது மணமான பெண் தன் பெயரில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியாதிருந்தது. கணவன் எடுப்பான், அவள் சம்மதிப்பாள். அது மாறியது 2010-இல்தான். மகப்பேறு விடுப்பை 2017-இல் 26 வாரமாக உயர்த்தியபோது தத்தெடுக்கும் தாய்க்கும் 12 வாரம் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார்கள். முறைப்படி ஒப்படைத்த குழந்தைக்கே 60 நாள் அவகாசத்தில் இரண்டு மாதம் போய்விடும், அதன்பின் ஆவணம், பொருத்தம் பார்ப்பது, உத்தரவு. குழந்தை வீடு வந்து சேர்வதற்குள் மூன்று மாதம் தாண்டிவிடும். மூன்று மாதக் குழந்தைக்குத் தாய் பக்கத்தில் வேண்டும், எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள்? புது வீட்டில், புது வாசனையில், புது முகத்தைப் பார்த்து இரவெல்லாம் வீறிடும் எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தவர்கள் அந்த வரம்பைப் போட்டிருக்க வாய்ப்பே இல்லை.

2023 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெள்ளியைத் தெப்பக்காட்டில் காவடியாக நியமித்தது. பாகனுக்கு உதவியாக யானையைப் பராமரிக்கும் வேலை அது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்.  ஆஸ்கர் மேடையைவிட இந்த ஆணை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதுவரை அவர் செய்துவந்ததற்கு அன்பு என்று மட்டும்தான் பெயர் கொடுத்திருந்தோம். அன்பு என்று சொல்லிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, பணிப்பதிவேட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை. இப்போது அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. இல்லங்களில் தொட்டில் ஆட்டும் ஆயாக்கள் இருக்கிறார்கள், அங்கன்வாடியில் நாற்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கும் உதவியாளர்கள் இருக்கிறார்கள், கம்பெனி பஸ் போனபின் களி கரைக்கும் ஜவளகிரிப் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் முறையான ஊதியமோ, ஓய்வூதியமோ, குறைந்தது ஆலை வாசலில் ஒழுங்கான ஒரு குழந்தைகள் காப்பகமோ கேட்பதற்குப் பெள்ளியின் ஆணையை முன்னுதாரணமாகக் காட்டலாம்.